ஒரு கூலித் தொழிலாளியின் பெயர் ஒரு மாநிலத்தை நிறைத்த கதை

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் ட்ரம்ப்ளே என்ற குடும்பப்பெயரைத் தாங்கியிருக்கிறார். அங்கே மிகப் பரவலான பெயர் அதுதான். வியப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. வட அமெரிக்காவின் ட்ரம்ப்ளேக்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள்.

பெயரின் வேர் ஒரு மரம். ஆஸ்பென் மரத்தின் இலைக்காம்பு தட்டையானது. அதனால் மெல்லிய காற்றுக்கும் இலைகள் படபடக்கும். ‘நடுங்குவது’ என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். அந்த மரங்கள் அடர்ந்த இடம் ‘ட்ரம்ப்ளே’ ஆனது. நம் புளியந்தோப்பைப் போல இதுவும் முதலில் இடப்பெயர்தான். பிரான்சில் அப்படிப் பல இடங்கள் இருந்ததால், அந்நாட்டு ட்ரம்ப்ளேக்கள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டியதில்லை.

கியூபெக்கின் கதை வேறு. பிரான்சில் பெர்ஷ் வட்டாரத்தின் ரந்தோனே கிராமத்தில் 1626-இல் ஞானஸ்நானம் பெற்ற பியேர் ட்ரம்ப்ளே, 1647-இல் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறினார். பத்து ஆண்டுகளுக்குப் பின் கியூபெக்கில் ஓஸான் அஷோன் என்ற பெண்ணை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு மகன்களின் வம்சம் தழைத்தது.

அந்த நான்கு என்ற எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. குடும்பப்பெயர் மகன் வழியாக மட்டுமே இறங்கினால், மகன் இல்லாத ஒரு தலைமுறை போதும், பெயர் அறுந்துவிடும். பிரான்சில் பியனெமே என்ற அறிஞர் 1845-இலும், இங்கிலாந்தில் கால்ட்டன், வாட்சன் என்ற இரு அறிஞர்கள் 1870-களிலும் இதைக் கணிதமாக்கினார்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒரே மகன் என்றால், காலப்போக்கில் பெயர் அழிவது உறுதி. சராசரி இரண்டு மகன்களாக உயர்ந்தால், ஒரு மகனின் கிளை அழியும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. நான்கு கிளைகளும் சேர்ந்து அழிய வேண்டுமானால் அது அறுநூறில் ஒன்று.

அந்தச் சராசரியைத் தந்தது நிலம். 1666 கணக்கெடுப்பில், கியூபெக் அடங்கிய ‘புதிய பிரான்ஸ்’ என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் குடியேறிகள் 3,215 பேர்தான். உழ நிலமும் எரிக்க விறகும் தாராளமாக இருந்த இடத்தில் இளவயதுத் திருமணமும் பத்துப் பிள்ளைகளும் இயல்பாயின. பியேரின் மூத்த மகன் கியூபெக்கின் ஷார்லவுவா பகுதியில் நிலக்கிழார் ஆனார். அந்தப் பகுதி மக்கள் 1838 முதல் வடக்கே சாகனே பள்ளத்தாக்கில் குடியேறியபோது பெயரும் கூடவே சென்றது. பின்னர் அமெரிக்க நெசவாலைகளைத் தேடிப் போனவர்களின் பெயர் ஆங்கில நாவில் ‘ட்ராம்ப்ளி’ எனத் திரிந்தது.

பெயரோடு மரபணுக்களும் பயணித்தன. ஒரு சிறு கூட்டம் பெருகும்போது, அதில் யாரோ ஒருவர் சுமந்த அரிய மரபணுக் குறையும் பெருகிவிடுகிறது. சாகனே பகுதியில் சுமார் இருபது பேரில் ஒருவர், ஈரலைத் தாக்கும் டைரோசினீமியா நோயின் மரபணுவைச் சுமக்கிறார். இதற்குக் காரணம் எந்தக் குடும்பப்பெயரும் இல்லை; தொடக்கக் குடியேறிகள் மிகச் சிலராக இருந்ததுதான்.

பாதிரியார்கள் விடாமல் எழுதிவைத்த பதிவேடுகளை நான் பெரிதும் மதிக்கிறேன். பெண்களை அவர்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்ததால், தாய்வழியும் தொலைந்துபோகவில்லை. பன்னிரண்டு தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உண்டு. குடும்பப்பெயர் காட்டுவது அதில் ஒன்றை மட்டும். ஷார்லவுவாவில் வேறு பெயர் கொண்டவர்களின் வம்ச வரைபடங்களிலும் பியேரும் ஓஸானும் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள்.