குதிரான் டனல் திடீரென்று மூடினால் வண்டியை எங்கே திருப்புவது?

கோவையிலிருந்து கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544இல், பாலக்காடு மாவட்டம் முடிந்து திருச்சூர் மாவட்டம் தொடங்கும் இடத்தில் குதிரான் மலை குறுக்கே நிற்கிறது. அதைக் குடைந்து போட்ட இரட்டைக் குழாய் டனல்தான் கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கப்பாதை. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு குழாய் 2021 ஜூலை 31 அன்று திறந்தது, மற்றது 2022 ஜனவரியில். அதற்கு முன்னால் அந்த மலையேற்றத்தில் லோடு லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியதும், மழைநாளில் ஒரு வண்டி நின்றால் விடியும்வரை எல்லோரும் நின்றதும் இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் யாருக்கும் மறக்காது. இன்று ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். பழைய மலைச்சாலை இனி மாற்றுவழியாகக் கைகொடுக்காது. அதனால் டனல் நின்றால் நெடுஞ்சாலையே நின்றதாகத்தான் அர்த்தம்.

நான் சாலைப் போக்குவரத்துப் பொறியாளர். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை பெரும்பாலும் இந்தச் சாலையையும் இதில் வந்து சேரும் கிளைச்சாலைகளையும் பற்றியது. டனல் மூடும் நாட்களில் பொதுவாக எல்லோரும் டனல் வாசலைத்தான் பார்க்கிறார்கள். டிவி கேமராவும் அங்கேதான் போகிறது, போலீஸ் ஜீப்பும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் பிளாக் உருவாவது வாசலில் இல்லை. திரும்ப வழி இருந்த கடைசி இடத்தை, விஷயம் தெரியாமல் ஒவ்வொரு வண்டியாகக் கடந்து போகிறதே, அங்கேதான் அது உருவாகிறது. இங்கே அந்த இடம், கோவையிலிருந்து வரும்போது டனலுக்கு முன்பே வரும் ஆலத்தூர் என்பது என் கணிப்பு. அதற்கு அப்பால் வடக்கஞ்சேரியிலும் கிளைச்சாலைகள் உண்டு. ஆனால் நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வரிசை உங்களை எதிர்கொண்டு வந்துவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்கு வசதிக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு திசையில் மணிக்கு 2,000 வண்டி வருகிறது, டனல் முழுதாகத் திறந்திருந்தால் மணிக்கு 3,000 வண்டியை விடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் மூடினால் 2,000 வண்டி தேங்கும். லாரியும் காரும் கலந்து, இடைவெளியும் சேர்த்து, வண்டிக்குப் பத்து மீட்டர் என்றால் இரண்டு தடத்தில் பத்து கிலோமீட்டர் வரிசை. அதாவது பன்னியங்கரை சுங்கச்சாவடியை எட்டிப்பிடிக்கும். திறந்த பிறகும் மணிக்கு 2,000 வண்டி வந்துகொண்டே இருப்பதால், தேக்கத்தில் மணிக்கு 1,000 வண்டிதான் குறையும். ஆகவே ஒரு மணி நேர அடைப்பைத் தீர்க்க இன்னும் இரண்டு மணி நேரம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. முன்வண்டி நகர்ந்த நகர்வு பின்னாலிருப்பவருக்கு வந்து சேரவும் நேரம் பிடிக்கும். அது வரிசையில் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் பின்னோக்கிப் பரவும். டனல் திறந்து அரை மணி ஆகியும் வரிசையின் வால் நகராமல் இருப்பதும், அந்த வால் இன்னும் பின்னால் வளர்ந்துகொண்டிருப்பதும் இதனால்தான். “திறந்தாச்சுன்னு சொன்னாங்க, ஒண்ணுமே நகரலையே” என்று வண்டியிலிருந்து இறங்கி எட்டிப் பார்ப்பவர்கள் யாரும் ஏமாற்றப்படவில்லை.

இதே கணக்கில், வருகிற வண்டிகளில் பாதி மட்டும் முன்கூட்டியே வேறு வழிக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் தேங்குவது 1,000. திறந்த பிறகும் அந்தத் திருப்பிவிடுதலைக் கொஞ்சம் நீட்டித்தால் மணிக்கு 2,000 வண்டி குறையும். அரை மணியில் சாலை காலி. இரண்டு மணி நேரம் அரை மணியாகச் சுருங்குகிறது, புதிதாக ஒரு அடி சாலைகூடப் போடாமல். வேண்டியது உரிய நேரத்தில் போய்ச் சேரும் செய்தி மட்டும்தான்.

அந்தச் செய்தி ஏன் போய்ச் சேர்வதில்லை? டனல் இருப்பது திருச்சூர் மாவட்டத்தில். கிழக்கேயிருந்து வரும்போது வரிசை நிற்பது பாலக்காடு மாவட்டத்தில். வரிசையில் நிற்கிற வண்டிகளில் பெரும்பகுதி கோவை மாவட்டத்தைத் தாண்டி வந்தவை. ஒரே வரிசைக்கு மூன்று மாவட்டம், இரண்டு மாநிலம். டனலில் புகை வந்தால் அதைப் பார்ப்பவரும், ஆலத்தூரில் வண்டியைத் திருப்பிவிட வேண்டியவரும், தமிழக எல்லையிலுள்ள க.க.சாவடியில் அறிவிப்பு வைக்க வேண்டியவரும் வெவ்வேறு அதிகாரிகளின் கீழ் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்குப் போன் செய்து, அவர் மேலிடத்தைக் கேட்டு, உத்தரவு இறங்குவதற்குள் அரை மணி போய்விடுகிறது. இவர்கள் யாரையும் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். மழையில் நனைந்துகொண்டு வண்டியைத் திருப்பிவிடும் காவலர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால், டனல் மூடிய முதல் ஐந்து நிமிடத்தில் யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும், அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள ஸ்மார்ட் டனலைப் பார்த்திருக்கலாம். 2007இல் திறந்தது. வெள்ளநீரைக் கடத்தவும் வண்டி ஓட்டவும் ஒரே டனல். பெருமழை வந்தால் வண்டிகளை வெளியேற்றி, கதவுகளை மூடி, சாலை ஓடிய இடத்திலேயே தண்ணீரை விடுகிறார்கள். பிறகு கழுவித் துடைத்து, சோதித்துத் திறக்கிறார்கள். மூடுவது அங்கே வடிவமைப்பிலேயே இருக்கிறது. எந்த அளவு மழைக்கு என்ன செய்வது என்பது படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கிறது. மழை எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் வந்தால் என்ன செய்வது என்று தெரியும். தில்லி பிரகதி மைதான் டனலோ 2022 ஜூனில் திறந்து, அடுத்த ஆண்டு ஜூலை மழையிலேயே தண்ணீர் தேங்கி மூட வேண்டி வந்தது. புது டனல், அதனால் ஒன்றும் ஆகாது என்று எங்கேயும் நம்ப முடியாது.

குதிரானிலும் எதிர்பாராதது நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் பின்பெட்டியைத் தூக்கியபடியே ஒரு டிப்பர் லாரி உள்ளே ஓடி, நூற்றுக்கு மேற்பட்ட விளக்குகளையும் கேமராக்களையும் இடித்து நொறுக்கிவிட்டுப் போனது. 2024 தொடக்கத்தில் உட்புறக் கான்கிரீட் வேலைக்காக ஒரு குழாயைச் சில மாதங்கள் மூடி, இரு திசை வண்டிகளையும் மற்றொரு குழாயில் விட்டார்கள். அது அறிவித்துச் செய்தது. என்றாலும் இருவழியாக ஓட்டும்போது இரண்டு ஆபத்து கூடுதலாக வருகிறது என்பதை ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நேருக்கு நேர் மோதல். மற்றது காற்று. ஒரே திசையில் ஓடும் வண்டிகள் தங்களுக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டே போவதால் புகை தானாகவே வெளியேறும், மின்விசிறிகளுக்குப் பாதி வேலை மிச்சம். எதிரும் புதிருமாக ஓடினால் அந்தத் தள்ளல் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் இருவழி நாட்களில் உள்ளே வேகத்தைக் குறைப்பதும், முந்தாமல் இருப்பதும், நின்றால் இன்ஜினை அணைப்பதும் மற்ற நாட்களைவிட முக்கியம்.

சின்னப் புகைக்கெல்லாம் டனலை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் இடையிலான மோன் பிளாங்க் டனலில் 1999 மார்ச் 24 அன்று ஒரு லாரி தீப்பிடித்தது. அதிலிருந்த சரக்கு மாவும் மார்கரினும்தான், வெடிபொருள் இல்லை. 39 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் வண்டிக்குள்ளேயே, அல்லது அதன் அருகிலேயே. வண்டியை விட்டுவிட்டு நடக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அல்லது அவகாசம் இல்லை. டனலில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பைவிடப் புகைதான். ஆகவே சந்தேகம் வந்தவுடன் மூடுவதுதான் சரி. மூடுபவரைத் திட்ட வேண்டாம்.

இனி நம் பக்கத்து ஓட்டுநர்களுக்கு. பாலக்காடு நகரத்தை ஒட்டிய சந்திரநகரிலேயே செய்தி கிடைத்துவிட்டால், நகருக்குள் போய் ஒற்றப்பாலம், ஷொர்ணூர் வழியாகத் திருச்சூர் போகலாம். ஆலத்தூரில் கிடைத்தால் பழையன்னூர், சேலக்கரை, வாழக்கோடு வழி. இரண்டும் வடக்காஞ்சேரியில் வந்து சேரும். இங்கே கவனம் வேண்டும். பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரி வேறு, திருச்சூர் மாவட்டத்து வடக்காஞ்சேரி வேறு. அவசரத்தில் போனில் தவறான ஊரைத் தட்டினால், மேப் உங்களை நேராக பிளாக்குக்குள் கொண்டுபோய் விடும். இரண்டு வழியும் கடைவீதிகளுக்கு நடுவே போகும் சாதாரண இருவழிச் சாலைகள்தான். கார், வேன், பேருந்து தாங்கும். பதினாறு சக்கர லாரிகளும் கன்டெய்னர்களும் அத்தனையும் அங்கே இறங்கினால் சேலக்கரை கடைவீதியே அடைந்துபோகும். பிறகு ஆம்புலன்ஸுக்கு அந்த வழியும் இல்லை. கனரக வண்டிகளை வாளையார், கஞ்சிக்கோடு பகுதியிலேயே ஓரம்கட்டி நிறுத்துவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. லாரிக்காரர்களுக்கு இது கசக்கும், தெரியும். ஆனால் டீக்கடையும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் நிற்பது, வாணியம்பாறைப் பக்கம் காட்டோரத்தில் மூன்று மணி நேரம் நிற்பதைவிட மேல்.

பொள்ளாச்சி, உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து காய்கறி ஏற்றி வருபவர்கள் நிலைமை வேறு. அவர்கள் வாளையாரைத் தொடுவதே இல்லை. கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வந்து நேராக வடக்கஞ்சேரிப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். அப்போது ஆலத்தூர் அவர்களுக்குப் பின்னால் போயிருக்கும். நெடுஞ்சாலையில் எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் இவர்கள் கண்ணில் படாது. ஒருமுறை வரிசையில் தக்காளி லோடோடு நின்ற ஓட்டுநர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “ரோட்டுல ஒரு போர்டு பார்த்தனுங்க சார், மலையாளத்துல இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சிருந்தா கொல்லங்கோட்டுலயே நின்னிருப்பனுங்க. இப்ப லோடு வெந்துட்டு இருக்குது பாருங்க” என்றார். அவருக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. காய்கறி, முட்டை, பால் என்று கேரளத்தின் அடுப்படிக்கு நித்தம் சரக்குக் கொண்டுபோகிறவர்கள் இவர்கள். சபரிமலை, குருவாயூர் சீசனில் இதே சாலையில் வரும் பக்தர்களும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களே அதிகம். க.க.சாவடி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய எல்லை ஊர்களில் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி ஒளிரும் மின்பலகை ஒவ்வொன்று வேண்டும். பலகை வரும்வரை, சோதனைச்சாவடிகளில் ஒரு ஒலிபெருக்கியும் அதில் தமிழில் பேச ஒரு ஆளும் போதும். சித்தூர் தாலுகாவில் இரண்டு மொழியும் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

பொள்ளாச்சிக்காரர்கள் சிலர் மாற்றுவழி என்று வால்பாறை, மலக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கப் பார்க்கிறார்கள். அது காட்டுச்சாலை. இரவில் சோதனைச்சாவடிகள் அடைத்துவிடும், யானை நடமாட்டம் உண்டு. டனல் மூடியதற்காக அந்த வழியை எடுக்க வேண்டாம்.

நோயாளியைத் திருச்சூருக்கோ எறணாகுளத்துக்கோ கொண்டுபோகும் குடும்பங்கள் கிளம்பும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: டனல் ஓடுகிறதா? 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 112 அவசர எண். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இவற்றைவிட வேகமாகச் செய்தி வரும், அவரையும் கேளுங்கள். மூடியிருந்தால் கோவைக்குக் கொண்டுபோகலாமா என்று அனுப்பும் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். பாலக்காட்டிலிருந்து கோவை 50 கிலோமீட்டர் சொச்சம், திருச்சூர் அதைவிடத் தூரம். நெடும்பாசேரியில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் பாலக்காடு ஜங்ஷனில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவது நல்லது. தண்டவாளம் ஷொர்ணூர் சுற்றிப் போகிறது, குதிரானோடு அதற்குச் சம்பந்தமில்லை.

வரிசையில் மாட்டிக்கொண்டால் எதிர்த்தடத்தில் ஏறாதீர்கள். பழுதான லாரியை இழுக்க வரும் கிரேனும் தீயணைப்பு வண்டியும் பல நேரம் அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டியிருக்கும். ஒரு கார் ஏறினால் பின்னாலேயே ஐம்பது கார் ஏறும், கிரேன் எங்கோ நிற்கும். சாலையோர இடைவெளியையும் நிரப்பாமல் விடுங்கள்.

டனலுக்குள்ளேயே நின்றுவிட்டால், முதலில் இன்ஜினை அணைத்து, அபாய விளக்கைப் போடுங்கள். முன்வண்டியோடு ஒட்டி நிற்க வேண்டாம். புகை தெரிந்தால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, சுவரோரமாகக் குனிந்து, புகைக்கு எதிர்ப்பக்கம் நடங்கள். இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குவழி பக்கத்தில் இருந்தால் அதற்குள் நுழைந்து அடுத்த குழாய்க்குப் போய்விடலாம். அங்கே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும், பார்த்து இறங்குங்கள். பையையும் லேப்டாப்பையும் எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம். சாவி உள்ளே இருந்தால் தீயணைப்பு வீரர்கள் உங்கள் வண்டியை நகர்த்திக்கொண்டு முன்னே போவார்கள்.