நெக்ளிஜென்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தச் சொல்லோடு இந்த மாதத்தில் இது மூன்றாவது கடிதம். திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லித் தருவது என் பிழைப்பு. லேபிள் மாறிப்போனதற்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் மன்னிப்புக் கேட்டு, "வீ வேர் நெக்ளிஜென்ட்" என்று எழுதியிருந்தார், ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி.

"ஏனுங் மேடம், கேர்லெஸ்னா பள்ளிக்கூடப் பசங்க வார்த்தையாட்டம் இருக்குதுங்க. இது கெத்தா இருக்குதுங்களே?"

கெத்தாம்!

கேர்லெஸ்ஸுக்குக் கோட்டு மாட்டிவிட்டால் நெக்ளிஜென்ட் ஆகிவிடாது. கை தவறி டீயைக் கொட்டினால் கேர்லெஸ். பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, நீங்கள் பார்க்கவில்லை என்றால் நெக்ளிஜென்ட். அது கோர்ட்டில் புழங்கும் சொல். இஞ்சி பீர் பாட்டிலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொன்ன டோனஹ்யூ வழக்கில், குடிப்பவர் விஷயத்தில் கவனமாக இருக்கும் கடமை தயாரித்தவருக்கு உண்டு என்று 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்னது இந்தச் சொல்லை வைத்துத்தான். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவிலும், ஆள் சாவுக்குக் காரணமான செயலைச் சொல்லும் இடத்தில் இது வருகிறது. பையரின் வக்கீல் கண்ணில் பட்டால், தப்பை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு நஷ்டத்தை உங்கள் கணக்கில் பிடிக்க டெபிட் நோட் வந்தால் எதைச் சொல்லி மறுப்பீர்கள்? (நெக்ளிஜிபிள் வேறு. கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது. "நெக்ளிஜிபிள் ஸ்டாஃப்" என்று எழுதிய புண்ணியவானும் உண்டு.)

மலிவு அகராதிகள் இந்த மாதிரி ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் "கவனக்குறைவு" என்று போட்டுவிடுகின்றன. தமிழில் யோசித்தாலே பாதிக் குழப்பம் தீரும். பிசிர் வெட்டாத பீஸ், ஸ்லாப்பி. ஷிப்மென்ட் ராத்திரி அள்ளிப்போட்டு முடித்த பேக்கிங், ஸ்லாப்டேஷ். ஏனோதானோ வேலை, ஸ்லிப்ஷாட். தொளதொள செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதிலிருந்து வந்த சொல். சீவாத பரட்டைத் தலை, அன்கெம்ப்ட். கலைந்து கிடக்கும் மேஜை, அன்டைடி. அது அழுக்கு மேஜை அல்ல.

ஸ்லவன்லி மட்டும் வேண்டாம். அது ஆளின் பழக்கத்தையே இழிவாகப் பேசும் சொல். மேஜையில் நாலு பேப்பர் சிதறியதற்கு ஒரு பெண்ணுக்கு இந்தச் சொல்லைப் போட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். படித்த எனக்கே ரத்தம் கொதித்தது.

கண்ணுகளா, மன்னிப்பு மெயிலில் "மிஸ்டேக்" என்று எழுதுங்கள், போதும். பார்வைக்குத் தப்பியது என்றால் "ஓவர்சைட்". அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, மெயில் போய்விட்டதா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன்.

"நேத்தே போயிருச்சுங் மேடம். ஓனருக்கும் ஒரு காப்பி போட்டிருக்கறனுங்க."