மொட்டை மாடிக்குக் காற்றாடியா, சோலாரா?

உடுமலைப் பக்கம் வேலைக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "ஏனுங் தம்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தனை காத்தாடி சுத்துது. நம்ம தோட்டத்து வீட்டு மேல சின்னதா ஒண்ணு வெச்சா சுத்தாதுங்களா?"

சுற்றும். எவ்வளவு கரண்ட் தரும் என்பதுதான் கேள்வி.

சோலார் மாட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் நான் சோலாருக்குத்தான் பரிந்து பேசுவேன் என்று நினைப்பார்கள். வாதாடாமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவேன்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் சக்தி 27-ல் ஒரு பங்கு. விற்பவர்கள் '1 கிலோவாட்' என்று சொல்வது பெரும்பாலும் நொடிக்கு 11, 12 மீட்டர் வேகத்துக்கு. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர், அதற்கு மேல். கொடியில் காயும் வேட்டி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் காற்று அது. சாதாரண நாளில் மாடி உயரத்தில் சராசரியாக 4 மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். 12 மீட்டரில் 1,000 வாட் தரும் இயந்திரம் 4 மீட்டரில் தருவது ஏறத்தாழ 37 வாட். ராத்திரி பகலாகச் சுற்றினாலும் நாளுக்கு ஒரு யூனிட் தேறாது. அதே 1 கிலோவாட் சோலார் நம் பக்கத்தில் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தந்துவிடும்.

"அப்புறம் எப்படிங்க அந்தப் பெரிய காத்தாடிக்காரங்களுக்கு மட்டும் கட்டுபடியாகுது?" என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை அவர்கள் பிடிப்பது தென்னை உயரத்தில் அல்ல. இப்போது நிறுத்தும் பெரிய காற்றாலைகளுக்கு விசிறி நடுப்பகுதியே 80 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கேயும் நல்ல காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆடிக் காற்றில் அம்மி பறக்கலாம். பங்குனியில் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது எத்தனை சுற்றாமல் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு வீட்டில், யாரோ வந்து மாடியில் பத்தடி இரும்புக் குழாய் நட்டு, அதன் மேல் 1 கிலோவாட் காற்றாடி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மேற்கே முழுக்கத் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டி வரும் காற்று நேராக வராது, சுழன்று சுழன்று வரும். வாலுள்ள அந்தக் காற்றாடி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திணறிக்கொண்டே இருந்தது. ஆடி மாத ராத்திரிகளில் அதன் அதிர்வு குழாய் வழியாக இறங்கி, கீழே சமையலறைத் தட்டு ஸ்டாண்டு கிணுகிணுவென்று அடித்துக்கொள்ளும். "கரண்டு வருதோ இல்லையோ, தூக்கம் போச்சுங்க" என்றார் வீட்டு அம்மா. போல்ட் இறங்கிய இடத்தில் விரிசல் விழுந்து மழைத் தண்ணீர் உள்ளே கசிந்த பிறகுதான் கழற்றினார்கள். குழாயில் இப்போது டிவி டிஷ் இருக்கிறது.

சுற்றிலும் 500 அடிக்குள் இருக்கும் மரம், கட்டிடம் எல்லாவற்றையும்விட 30 அடி உயரத்தில் விசிறி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. அதற்குத் தனிக் கோபுரம் வேண்டும், அதை இழுத்துக் கட்ட இடமும் வேண்டும். வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் உயரமான மூங்கிலில் நீள ரிப்பன் கட்டிக் கொஞ்ச நாள் பாருங்கள். நேராக நீண்டு பறந்தால் மேற்கொண்டு பேசலாம். சாட்டை மாதிரி நாலாபுறமும் சுழன்றால் விட்டுவிடுங்கள். மரங்களே ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும் கணவாய் ஓரம், லைன் வராத மேட்டு நிலம் என்றால் கதை வேறு. மேகம் மூடிய ஆனி ஆடியில் சோலார் இளைக்கும்போது காற்று கைகொடுக்கும். பேட்டரியோடு இரண்டையும் சேர்த்து வைப்பது அங்கே நியாயம்.

சரி, சோலாரில் வில்லங்கமே இல்லையா? நானே செய்த தப்பு ஒன்று. சித்திரையில் ஒரு மாடியை அளந்தேன். சூரியன் உச்சந்தலைக்கு மேலே நின்றது. தெற்கு மூலைத் தண்ணீர் டேங்கின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. பேனலை மாட்டிவிட்டேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் டேங்க் நிழல் வடக்கே நீண்டு இரண்டு பேனல் மேல் ஏறிவிட்டது. பேனல்களை சீரியல் லைட் மாதிரி வரிசையாகக் கோர்த்திருப்பதால், ஒன்றிரண்டில் விழும் நிழலே உற்பத்தியைக் கடித்துவிடும். என் செலவில் இடம் மாற்றிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எந்த மாதம் அளந்தாலும் மார்கழி நிழலைக் கணக்குப் போடாமல் துளை போடுவதில்லை.

பணக் கணக்கு சுருக்கமானது. 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது கூரை சோலாருக்கு மட்டும், காற்றாடிக்கு இல்லை. ஆனால் இரண்டு மாத பில்லே இலவச 100 யூனிட்டைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால், மானியம் இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்: கரண்ட் போனால் இது ஓடுமா? பேட்டரி இல்லாமல் கரண்ட் லைனோடு இணைத்த 'ஆன்-கிரிட்' சோலார் ஓடாது. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக, பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். "வெயில் கொளுத்துது, மேல பேனல் இருக்குது, ஃபேன் மட்டும் ஓடலீங்களே" என்று எனக்கு வரும் போன்களில் பாதி நான் மாட்டாத வீடுகளிலிருந்துதான்.