இருளர் பிடிக்கும் பாம்பும் நாம் போட்டுக்கொள்ளும் ஊசியும்

வயல் வரப்பில் உள்ள எலி வளை நமக்கு வெறும் ஓட்டை. இருளர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் குனிந்து பார்த்தால், வளையின் வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, எச்சம் கிடக்கிறதா, உரித்த சட்டையின் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று கண் தேடும். சிலந்தி வலை மூடியிருந்தால் அண்மையில் எதுவும் நுழையவில்லை. அடுத்த வளைக்குப் போய்விடுவார். ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் கடப்பாரையால் பதமாகத் தோண்டுவார். எலி கிடைத்தால் கறி, அது பதுக்கி வைத்த நெல்லும் வீட்டுக்கு. பாம்பு கிடைத்தால் ஒரு காலத்தில் தோலுக்குப் போனது.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. கண்ணும் கையும் மட்டும் அப்படியே இருந்தன. 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இப்போது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது.

பிடிப்பது நான்கே இனம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேல் கிடையாது. மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, சுமார் மூன்று வாரம் பராமரிப்பார்கள். குவளையின் விளிம்பில் பல்லைப் பதிய வைத்தால் நஞ்சு சொட்டும். நஞ்சுச் சுரப்பி மறுபடி நிரம்பச் சில நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறைதான் எடுப்பார்கள். நான்கு முறை முடிந்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பைத் திரும்பப் பிடிக்க மாட்டார்கள்.

உலர்த்தித் தூளாக்கிய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து எடுத்ததுதான் பாம்புக்கடிக்கு நமக்குப் போடும் ஊசி. நம் உடலில் அவை நஞ்சு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு, நரம்பையோ ரத்தம் உறைவதையோ தாக்க விடாமல் தடுக்கும். ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தை அவற்றால் சரிசெய்ய முடியாது. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

2023-இல் இருளர் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தாமதம்தான், என்றாலும் சரி.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சிலும் கலவை ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவின் மருந்துக்குப் பெருமளவு நஞ்சு இந்தச் சங்கத்திலிருந்தே போவதால், தொலைவிலுள்ள மாநிலத்துக் கடிக்கு அதே மருந்து குறைவாக வேலை செய்யலாம். மற்ற பகுதிகளிலும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டுவருகிறார்கள்.