பிரிக்காத மாத்திரை அட்டை

வலி நிவாரணப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு நோயைவிட அதிகம் எரிச்சலூட்டுவது, கடும் வலிக்கு எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை அப்படியே திரும்பி வருவதுதான். இந்த வாரமும் வந்தது. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய். பெரியவர் நாற்காலியின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடியை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். "வலி எப்படி இருக்கிறது ஐயா?" என்றேன். "பரவாயில்லை" என்றார், மகனைப் பார்த்துக்கொண்டே. மகன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். இரண்டே மாத்திரைதான் குறைந்திருந்தது. "தாங்க முடியாமல் கத்தியபோது பாதிப் பாதியாகக் கொடுத்தேன் டாக்டர். பழகி அடிமையாகிவிடுவார் என்று சொன்னார்களே." சொன்னது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன். போதைக்கு அடிமையாவது என்றால், கெடுதல் என்று தெரிந்தும் கட்டுப்பாடில்லாமல் மருந்தைத் தேடி அலைவது. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் மார்ஃபின் எடுப்பவர்களிடம் அதை அரிதாகத்தான் பார்க்கிறோம். பல வாரம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும், உண்மைதான். உடல் அந்த மருந்துக்கு ஈடு கொடுத்துப் பழகியதால் வருவது அது, அடிமைத்தனம் அல்ல. ஸ்டீராய்டையும்தான் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதை எடுப்பவரை யாராவது போதை அடிமை என்கிறார்களா? கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு வலி அடங்கியவர்களுக்கு மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியும் இருக்கிறோம்.

'இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு வேலை செய்யாதே' என்பது அடுத்த கவலை. சாதாரண வலி மாத்திரைகளுக்கு ஓர் உச்ச அளவு உண்டு; அதற்கு மேல் போனால் பலன் கூடாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். மார்ஃபினுக்கு அப்படி ஒரே எல்லை கிடையாது. வலி கூடினால் நாங்கள் அளவைக் கூட்டுவோம். 'கடைசி மருந்து' என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வலியைப் பார்த்துக் கொடுக்கிறோம். நாள் குறித்துக் கொடுப்பதில்லை. சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை.

கத்தும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. வலி வந்தபின் துரத்தாமல், இத்தனை மணிக்கு ஒரு முறை என்று முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதை 1967இல் லண்டனில் தீரா நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அழுத்திச் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் 1986லேயே அதை வழிமுறையாக வெளியிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் பாதி மாத்திரையில் நிற்கிறோம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவு வேளைக்கு என்ன செய்வது, இடையில் வலி குத்தினால் கூடுதலாக எவ்வளவு கொடுப்பது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடவே கூடாது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும்; மலச்சிக்கல் அடங்காது. அதனால்தான் மலமிளக்கியும் சேர்த்து எழுதுகிறோம். 'அது எதற்கு' என்று அதை மட்டும் வாங்காமல் போகிறீர்கள், பிறகு மார்ஃபினைத் திட்டுகிறீர்கள்! மதுவோ தூக்க மாத்திரையோ கேட்காமல் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், நோயாளிக்கு எட்டாமல் அல்ல. தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டாராகிய உங்கள் எதிரில் நோயாளி உண்மையான வலியைச் சொல்ல மாட்டார். உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. வலி கூடியது என்றால் நோயும் கூடிவிட்டது என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயமும் உண்டு. எங்களோடு அவரைச் சற்று நேரம் தனியாகப் பேச விடுங்கள். வீட்டில் கேள்வி கேட்பதைவிடக் கவனியுங்கள்: இரவில் புரண்டு படுக்கிறாரா, சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார முடிகிறதா, இருமும்போது எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். அதை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க எனக்கு அந்தத் தாள் போதும்.