பிராசஸ் முடியும்போது எழுதப்படும் கணக்கு

பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு சர்வர் இரவில் ஒரு மணி நேரம் திணறுகிறது. காலையில் நிர்வாகி வந்து பார்த்தால் எல்லாம் சீராக ஓடுகிறது. 'டாப்' கமாண்டைத் தட்டினால் இந்த நொடியில் இருக்கும் பிராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் மட்டும்தான் தெரியும். இரவில் சிபியுவைப் பிடித்து வைத்திருந்த புரோகிராம் எப்போதோ முடிந்துவிட்டது. அதை ஓட்டியது யார்?

இதற்கு யூனிக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் பழைய விடை 'பிராசஸ் அக்கவுண்டிங்'. நிர்வாகி இதை இயக்கிவிட்டால், ஒவ்வொரு பிராசஸும் முடியும் தருணத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு சிறு பதிவை ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கும். அவ்வளவுதான். யாரும் பக்கத்தில் நின்று கண்காணிப்பதில்லை. பிராசஸ் ஓடும்போதே அதன் சிபியு நேரம் போன்றவற்றைக் கெர்னல் எப்படியும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. முடிந்ததும் அந்த எண்கள் அழிந்துவிடும். அழிவதற்கு முன் அவற்றை ஒரு முறை எழுதி வைப்பதுதான் கூடுதல் வேலை. அதனால்தான் இது இவ்வளவு மலிவாக முடிகிறது.

யூனிக்ஸ் வழியில் வந்த இன்றைய லினக்ஸில் ஒரு பதிவுக்கு 64 பைட். பத்து லட்சம் கமாண்டுகள் ஓடினாலும் கோப்பு 64 எம்பிதான் வளரும். அந்த 64 பைட்டுக்குள் கமாண்டின் பெயர், ஓட்டியவரின் எண், தொடங்கிய நேரம், அதைத் தொடங்கிவைத்த தாய் பிராசஸ் எது, எப்படி முடிந்தது என்று நிறைய அடங்கிவிடுகிறது. 'லாஸ்ட்காம்' என்ற கமாண்ட் இந்தக் கோப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துக் காட்டும். 'எஸ்ஏ' என்பது பயனர்வாரியாகக் கூட்டித் தரும்.

பதிவில் உள்ள மூன்று நேரங்களைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். ஒன்று, தொடக்கம் முதல் முடிவு வரை கடிகாரத்தில் ஓடிய நேரம். அடுத்தது, புரோகிராமின் சொந்தக் கட்டளைகளைச் செய்ய சிபியு செலவிட்ட நேரம். மூன்றாவது, அந்தப் புரோகிராம் கேட்டதற்காகக் கெர்னல் உழைத்த நேரம். ஒருவர் எடிட்டரை எட்டு மணி நேரம் திறந்தே வைத்திருந்தாலும் சிபியு செலவு சில நொடிகள்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. மாறாக, கெர்னல் நேரம் மட்டும் எகிறியிருந்தால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் திறந்து மூடுவது போன்ற வேலை நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

சிபியு நேரத்தை வெறும் 16 பிட்டில் அடைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். 13 பிட்டில் எண், 3 பிட்டில் அதை எட்டின் எத்தனையாவது அடுக்கால் பெருக்க வேண்டும் என்ற குறிப்பு. அலகு நொடியில் நூறில் ஒரு பங்கு. 81.91 நொடி வரை கணக்கு துல்லியமாக இருக்கும். அதற்கு மேல் போகப்போகத் துல்லியம் குறையும், ஆனால் ஐந்து வருட சிபியு நேரத்தைக்கூட அதே இரண்டு பைட்டில் எழுதிவிடலாம்.

சரி, முடியும்போது மட்டும் எழுதுவதால் என்ன தப்பிப்போகிறது? ஆறு மாதமாக நிற்காமல் ஓடும் வெப் சர்வர் பிராசஸுக்கு ஒரு வரிகூட இருக்காது. மின்சாரம் போய் இயந்திரம் நின்றால், அப்போது ஓடிக்கொண்டிருந்த எதற்கும் பதிவு கிடையாது. கமாண்டின் பெயரில் முதல் சில எழுத்துகள்தான் பதிவாகும். அதற்குக் கொடுத்த கோப்புப் பெயர்கள், ஆப்ஷன்கள் எதுவும் பதிவாகாது. அவையும் வேண்டுமென்றால், பிராசஸ் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளும் ஆடிட் அமைப்பு தனியாகத் தேவை. ஆனால் கமாண்டோடு யாராவது பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால் அதுவும் அந்தப் பதிவில் ஏறிவிடும். யோசித்துத்தான் இயக்க வேண்டும். இன்னொன்று: டிஸ்க்கில் காலியிடம் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் லினக்ஸ் பதிவை நிறுத்திவிடும், 4 சதவீதத்தைத் தாண்டினால்தான் மறுபடி தொடங்கும். பதிவில் இடைவெளி தெரிந்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், அப்புறம் ஆட்களைச் சந்தேகிக்கலாம்.

இப்படிப்பட்ட கணக்குகளை உட்கார்ந்து சரிபார்ப்பது வீண் வேலை இல்லை. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியலாளரான கிளிஃபர்ட் ஸ்டோல் அதை விடாமல் துரத்தினார். அனுமதியின்றி உள்ளே நுழைந்த ஒருவரின் சில நொடிப் பயன்பாடுதான் அந்த வித்தியாசம். தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் வரை போனது.

பழைய முறையின் பெரிய குறை மெமரி. லினக்ஸ் பதிவில் இருப்பது, பிராசஸ் முடியும் நேரத்தில் அதன் அளவு. நடுவில் அது எவ்வளவு உயரம் போய் மற்றவர்களை நெருக்கியது என்று தெரியாது. பல பிராசஸ்களாகப் பிரிந்து ஓடும் ஒரே வேலையைச் சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. 2008-ல் லினக்ஸில் சேர்ந்த 'சிகுரூப்' இதைத் தீர்க்கிறது. ஒரு பயனரின் அல்லது ஒரு வேலையின் பிராசஸ்கள் எல்லாம் ஒரே குழுவில் போய்விடும். அவை பெற்றெடுக்கும் புதிய பிராசஸ்களும் அதே குழுவில்தான் பிறக்கும். குழுவின் மொத்த சிபியு நேரத்தை ஓடும்போதே மைக்ரோநொடியில் படிக்கலாம், வரம்பும் வைக்கலாம். பெரிய கணிப்புக் கூடங்களில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் 'ஸ்லர்ம்' என்ற மென்பொருள், வேலைகளின் மெமரியை வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அளந்து பார்க்கும். இடையில் வந்து போகும் குறுகிய உச்சம் அதில் தப்பிவிடலாம். சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில், 2022-ல் வந்த லினக்ஸ் 5.19 முதல், ஒரு குழு தொட்ட அதிகபட்ச மெமரியைக் கெர்னலே நினைவில் வைத்துக்கொள்கிறது.