மரவள்ளியின் நஞ்சுக்கு இஞ்சி பொறுப்பல்ல

வன்னியில் மரவள்ளிக்கிழங்கு உண்டு நோயுற்றவர்களை அழைத்து வரும் குடும்பங்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் இஞ்சியைப் பற்றியதாகவே இருக்கிறது. மரவள்ளி உண்டபின் இஞ்சி சேர்ந்தால் நஞ்சாகிவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அண்மையில் கடும் சத்தியுடனும் மூச்சுத்திணறலுடனும் ஒரு சிறுமியைத் தூக்கி வந்த தாயார், "கிழங்கில பிழையில்லை டொக்டர், அம்மம்மாதான் பின்னேரம் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ குடுத்திட்டா" என்றார். மிஞ்சிய கிழங்கை எடுத்துவரச் செய்து பார்த்தபோது, உட்தோல் அரைகுறையாகவே நீக்கப்பட்டிருந்தது. வெட்டிய முகத்தில் நீல நரம்புகள் ஓடியிருந்தன.

எத்தனை தடவைதான் சொல்வது? சயனைட்டை உருவாக்கும் பொருள் மரவள்ளியிலேயே இருக்கிறது. இஞ்சி அதைக் கொண்டு வருவதுமில்லை, இஞ்சியைத் தவிர்ப்பதால் அது கிழங்கை விட்டுப் போவதுமில்லை. மரவள்ளித் தோலைத் தின்று துடித்துச் செத்த ஆட்டைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் எங்களிடம் குறைவு. அந்த ஆடு எந்த வீட்டில் இஞ்சித் தேநீர் குடித்தது? கோப்பையைக் காவல் காக்கும் வீட்டில் பானையை எவரும் கவனிப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

மரவள்ளியை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இடப்பெயர்வுக் காலங்களிலும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் பல குடும்பங்களின் பசியாற்றிய கிழங்கு அது. 100 கிராமில் ஏறத்தாழ 160 கிலோகலோரி கிடைக்கிறது. புரதமோ 2 கிராமுக்கும் குறைவு. சயனைட்டைக் கழிப்பதற்குப் புரதத்திலுள்ள கந்தகம் உடலுக்குத் தேவைப்படுவதால், கட்டைச்சம்பலோடு நிறுத்திவிடாமல் மீனோ முட்டையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சோற்றுக்கு மேலதிகமாக அல்லாமல், சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்ணலாம்.

கிண்டிய கிழங்கைத் தாமதிக்காமல் சமையுங்கள். நீலம் ஓடியதையும் கசப்பதையும் ஆடு மாடு எட்டாதவாறு புதைத்துவிடுங்கள். வரட்சியில் வாடி நின்ற செடியின் கிழங்கில் நஞ்சு கூடுதலாக இருக்கும் என்பதால் கோடையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தடித்த உட்தோலையும் உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றுங்கள். குக்கரில் சொட்டுத் தண்ணீர் விட்டு அவிக்கும் சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம். பச்சைக் கிழங்கைப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள்.

உண்டபின் சத்தி, தலைச்சுற்று, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். விரல் விட்டுச் சத்தி எடுக்கவும் வைக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் அது வேளைக்குச் சேர வேண்டும். உட்கிராமங்களில் இருப்பவர்கள் வாகனம் தேடி அலையாமல் உடனே 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். உண்ட நேரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். கூட உண்டவர்கள் நலமாகத் தோன்றினாலும் தயவுசெய்து அவர்களையும் அழைத்து வாருங்கள்.